எரிகிற டியூப்லைட்டை ஏன் கழற்ற வேண்டும்?

எங்கள் பி.காம். பாடத்தில் 'ரீப்ளேஸ்மென்ட் தியரி' என்று ஒரு பகுதி வரும். அதில் எந்த ஆசிரியர் நடத்தினாலும், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே கணக்குதான். ஒரு இடத்தில் 1000 பல்புகள் எரிகின்றன. வாரா வாரம் இத்தனை சதவீதம் ஃபியூஸ் போகிறது. போகப் போக ஒவ்வொன்றாக மாற்றினால் லாபமா, இல்லை ஒரு நாள் குறித்து மொத்தமாக மாற்றினால் லாபமா?

இந்தக் கணக்கில் ஒரு அடிப்படை இருக்கிறது. சாமான்களை இரண்டு சாதியாகப் பிரிப்பார்கள். ஒன்று, இயந்திரம் மாதிரி. நாளாக நாளாகத் தேய்ந்து, செலவு வைத்து, கடைசியில் மாற்ற வேண்டியது. இன்னொன்று, பல்பு மாதிரி. நேற்று வரை நன்றாக எரிந்து இன்று பொட்டென்று போகிறது. பல்பு இரண்டாவது சாதி. பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன்.

அது தப்பு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மாமா வீட்டு மீன் தொட்டி.

எங்கள் ஊர் கீரனூர், பழனிப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மாமாவுக்குக் கடல் மீன் பைத்தியம். சென்னை கொளத்தூரில் இருந்து பாக்கெட் உப்பு வாங்கி வந்து, அளந்து கரைத்து, நடு ஹாலில் ஒரு குட்டிக் கடலை வைத்திருக்கிறார். இரண்டு கோமாளி மீன். அவை குடியிருக்க ஒரு அனிமோன் (கடல் சாமந்தி). பாறை மேல் பொத்தான் பொத்தானாக விரியும் பாலிப்புகள். மேலே நான்கு டி5 டியூப்லைட். அவற்றில் இரண்டு நீலம்.

போன வருடம் அந்த அனிமோன் மெல்ல வெளுத்தது. அப்புறம் பாறையை விட்டு நகர்ந்து, கண்ணாடியில் ஏறி, டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீரைச் சோதித்தார், எல்லாம் சரி. "மாமா, டியூப் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்றேன். "மூணு வருஷம் இருக்கும். நல்லாத்தான மாப்ளே எரியுது? எரியிற லைட்டை எவனாச்சும் கழட்டுவானா? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய் நூறு வருட சரித்திரம் கிடைத்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

பல்பு இல்லாத காலம்

கடல் உயிர்களைத் தொட்டியில் வைத்து மக்களுக்குக் காட்டும் பழக்கம் லண்டனில் தொடங்கியது. 1853ல் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டி மீன் தொட்டிகளை வைத்தார்கள். 'அக்வேரியம்' என்ற சொல்லை பிலிப் கோஸ் என்ற இயற்கை ஆர்வலர் 1854ல் தன் புத்தகத்தின் மூலம் பிரபலமாக்கினார். வெளிச்சத்துக்கு அப்போது சூரியன்தான். கண்ணாடிக் கூரை வழியாக வருகிற வெயில்தான் 'லைட்டிங்'. மாற்ற வேண்டிய தேவையே இல்லை!

நம் ஊர் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1909ல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். பின்னால் இருந்து முயற்சி எடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகளும் அதே 1909ல்தான் வெளிவந்தன. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942ல் அந்தக் காட்சியகத்தை மூடிவிட்டார்கள்.

இன்னொரு தற்செயல். அதே 1909ம் வருடம் ஜனவரியில் நம் மாவட்டத்துக் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அதை இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்? சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துத்தான். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிகிற வெளிச்சத்துக்குள் என்னென்ன நிறம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயமே. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பவளத்துக்கு எதற்கு வெளிச்சம்?

மீனுக்கு வெளிச்சம் இல்லாவிட்டாலும் காலம் ஓடிவிடும். பவளமும் அனிமோனும் அப்படியல்ல. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வாங்கி உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. இந்த வகைப் பாசிக்கு 1881ல் கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி வைத்த பெயர்தான் 'சூசாந்தெல்லா'. பவளத்தின் பழுப்பு நிறமே பெரும்பாலும் இந்தக் குடித்தனக்காரர்களின் நிறம்தான்.

1928-29ல் சி.எம்.யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குப் போய் ஒரு வருடம் தங்கி ஆராய்ந்தது. அங்கே பவளங்களை இருட்டுப் பெட்டிக்குள் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். பவளம் உடனே சாகவில்லை. தன்னுள் இருந்த பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போய் உயிரோடு இருந்தது. அதாவது, வெளிச்சம் போனால் முதலில் போவது நிறம், உயிர் அப்புறம்தான். மாமாவின் அனிமோன் செய்ததும் இதேதான். வெளுத்தது, வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறியது. வாய் இருந்தால் சொல்லியிருக்கும்.

பல்பு கொடுத்தவர்கள்

இப்போது வணிகவியலுக்கு வருவோம்.

ஒரு பொருளை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்வது யார்? பெரும்பாலும் அதை விற்பவர். அவரை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விக்கு உலகச் சரித்திரத்தில் மிகப் பிரபலமான உதாரணமே பல்புதான்.

1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்சின் கம்பெனி தே லாம்ப் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள் வழியாகச் சேர்ந்துகொண்டது. இந்தக் கூட்டணிக்குப் பெயர் 'ஃபீபஸ்'. கிரேக்கர்களின் ஒளிக்கடவுளின் பெயர்! யாருக்கு எந்த நாட்டுச் சந்தை என்று பங்கு பிரித்ததோடு, பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்றும் முடிவு செய்தார்கள். அதற்கு முன் 1500 முதல் 2000 மணி நேரம் எரிந்த பல்புகள் இருந்தன. யாருடைய பல்பு அதிக நாள் உழைக்கிறதோ அவர்களுக்கு அபராதம். மாதிரிகளை வாங்கிச் சோதிக்க சுவிட்சர்லாந்தில் தனி ஆய்வகமே இருந்தது. 1926-27ல் சராசரியாக 1800 மணி நேரம் உழைத்த பல்பு, 1933-34ல் 1205 மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

நாம் கிண்டலாக 'பல்பு வாங்கினான்' என்று சொல்வோமே, உலகமே பல்பு வாங்கிய கதை இது :-)

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு. கையால் ராவி, சாவிக்குச் சாவி வித்தியாசம் வைத்து, தலைமுறை கடந்து உழைக்கிற மாதிரி செய்தார்கள். தாத்தா வாங்கிய பூட்டு பேரன் வீட்டிலும் தொங்கும். அப்புறம் அடுத்த பூட்டை யாரிடம் விற்பது? மலிவான அலிகார் பூட்டுகளும், இயந்திரத்தில் செய்தவையும் வந்தபோது பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் உழைக்கிற பொருளைச் செய்தவன் நொடித்தான், சீக்கிரம் சாகிற பொருளைச் செய்தவன் கொழுத்தான் என்று ஒரே வரியில் எழுத என் கை துடிக்கிறது.

ஆனால் அப்படி எழுதினால் பாதி உண்மைதான். ஏனென்றால் 1951ல் பிரிட்டனின் ஏகபோக வணிக ஆணையம் இந்த பல்பு விவகாரத்தை விசாரித்து ஒரு அறிக்கை கொடுத்தது. 1000 மணி நேரம் என்பதில் தொழில்நுட்ப நியாயமும் உண்டு என்றது அது. இழை பல்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. இழையை அதிகமாகச் சூடாக்கினால் அதே கரண்டுக்கு அதிக வெளிச்சம், ஆனால் இழை சீக்கிரம் அறும். சூட்டைக் குறைத்தால் நீண்ட ஆயுள், ஆனால் மங்கலான வெளிச்சம், வீணாகும் கரண்ட். பல்பு விலையில் மிச்சம் பிடித்ததைக் கரண்ட் பில்லில் விட்டுவிடுவோம். அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று அடிக்கடி படம் போடுவார்கள். உண்மைதான். ஆனால் அதன் வெளிச்சத்தைப் பாருங்கள், நம் வீட்டு ஜீரோ வாட்ஸ் மாதிரிதான் மினுங்குகிறது.

ஆக, 'எவ்வளவு நாள் எரிகிறது' என்பது ஒரு கேள்வி. 'எரிகிற நாளில் என்ன தருகிறது' என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டால் விற்பவனைத் திட்டலாம், உண்மை தெரியாது.

டியூப்லைட் ஏன் மெதுவாகச் சாகிறது

1938ல் ஜெனரல் எலக்ட்ரிக் டியூப்லைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கேதான் பல்பு 'சாதி' மாறுகிறது.

டியூப்லைட்டுக்குள் கொஞ்சம் பாதரச ஆவி இருக்கிறது. கரண்ட் பாயும்போது அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைத் தருகிறது. குழாயின் உள்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி (பாஸ்பர்) அந்தக் கதிரை வாங்கி நாம் பார்க்கிற வெளிச்சமாக மாற்றுகிறது. இரண்டு முனையிலும் இருக்கிற இழைப் பூச்சு தீரும்போதுதான் டியூப் 'போகிறது'. முனை கறுத்து, மினுக் மினுக்கென்று அடித்து, ஸ்டார்ட்டரைத் திருகி, குழாயைத் தட்டி... இந்தச் சடங்குகள் எல்லாம் நம் வீடுகளில் நடந்தவைதானே.

ஆனால் அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே பாஸ்பர் தளர ஆரம்பித்துவிடுகிறது. புறஊதாக் கதிரும் பாதரசமும் தொடர்ந்து அடித்து அடித்து அதன் திறன் குறைகிறது. எல்லா நிறப் பாஸ்பரும் ஒரே வேகத்தில் தளர்வதில்லை. பெரும்பாலும் நீலம் தருகிற பாஸ்பர், சிவப்பு பச்சையைவிடச் சீக்கிரம் தளர்கிறது. பவளப் பாசிக்கு மிகவும் வேண்டியதோ அந்த நீலம்தான். கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு மறைந்து நீலம்தான் மிஞ்சும், அதற்குப் பழகிய உயிர்கள் அவை.

நம் கண் இதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும், அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் நமக்குத் தெரியாது. கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்ளும். புத்தி மந்தமான ஆளை 'டியூப்லைட்' என்று கிண்டல் செய்கிறோம். இந்த விஷயத்தில் உண்மையான டியூப்லைட் நம் கண்தான்.

அதனால்தான் சொல்கிறேன், பவளத் தொட்டியின் பல்பு பாடப்புத்தகத்தின் இரண்டாவது சாதி அல்ல, முதல் சாதி. ஃபியூஸ் போகிற சாமான் அல்ல, தேய்கிற இயந்திரம். எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

ஜகார்த்தாவில் இருந்து பெர்லினுக்கு

வீட்டில் உயிருள்ள பவளம் வளர்ப்பதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, சூரிய வெளிச்சம், அவ்வளவுதான் அவர் முறை. 1961ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அதை எழுதினார். வெப்பமண்டல வெயில் அவருக்கு இலவசம். வெயிலே குறைவான ஜெர்மனிக்காரர்கள் என்ன செய்வார்கள்?

அவர்கள் தொழிற்சாலை, விளையாட்டு மைதானம், கடை ஜன்னல்களுக்காகச் செய்த 'மெட்டல் ஹாலைடு' விளக்குகளைத் தொட்டி மேல் தொங்கவிட்டார்கள். ஓஸ்ராம் கம்பெனி இந்த வகைக்கு வைத்த பெயர் எச்.கியூ.ஐ. ஆமாம், ஃபீபஸ் கூட்டணியில் இருந்த அதே ஓஸ்ராம்! பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் போன்றவர்கள் 1980களில் இந்த விளக்கின் கீழ் கடினப் பவளங்களையே வளர்த்துக் காட்டினார்கள். 1986ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் 'மினி ரீஃப்' பற்றித் தொடர் எழுத, அங்கும் தொற்றிக்கொண்டது.

இந்தக் காலத்தில்தான் 'பல்பு மாற்றும் கெடு' ஒரு வேதவாக்காக மாறியது. அதிகக் கரண்டில் ஓடும் டியூப் என்றால் 6 மாதம். மெட்டல் ஹாலைடு என்றால் 9 முதல் 12 மாதம். டி5 என்றால் ஒரு வருடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. இப்படி வாய்வழியாகப் பரவியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 3650 மணி நேரம். சாதாரண டி5 டியூபின் அட்டையில் ஆயுள் 20000 மணி நேரம் என்று போட்டிருக்கும். அதாவது ஐந்து வருடத்துக்கு மேல். ஐந்து வருடம் எரிகிற சாமானை ஒரு வருடத்தில் தூக்கிப்போடு என்கிறார்கள். சொல்பவரே விற்பவராகவும் இருக்கிறார். ஃபீபஸ் கதை படித்தவனுக்குச் சந்தேகம் வருமா வராதா?

எனக்கு வந்தது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி அளப்பதுதான். அதையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சஞ்சய் ஜோஷி தொழிலால் பொறியியல்காரர், ஆசையால் பவள வளர்ப்பாளர். 1990களின் இறுதியில் தொடங்கி, கடையில் கிடைக்கும் மெட்டல் ஹாலைடு விளக்குகளை ஒவ்வொரு சோக்கோடும் மாற்றி மாற்றி இணைத்து, நிறம் வாரியாக அளந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார். ஒரே பல்பு ஒரு சோக்கில் ஒரு மாதிரி, வேறு சோக்கில் வேறு மாதிரி வெளிச்சம் தருகிறது என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் எல்லா பல்புக்கும், எல்லா வீட்டுக்கும் ஒரே கெடு எப்படிப் பொருந்தும்?

ஆக, 'ஒரு வருடம்' என்பது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. நாங்கள் கணக்கியலில் தேய்மானம் போடுகிற மாதிரிதான். ஒரு இயந்திரத்துக்குப் பத்து வருடம் ஆயுள் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். அது ஒரு மதிப்பீடு. இயந்திரத்துக்கு அது தெரியாது.

நான் செய்த தப்பு

இவ்வளவும் படித்துவிட்டு மாமாவிடம் போய்ப் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். அவரும் கேட்டுக்கொண்டு நான்கு டியூபையும் வாங்கி வந்து ஒரே சாயங்காலத்தில் மாற்றிவிட்டார். ஹாலே பளபளவென்று ஆகிவிட்டது. அப்போதுதான் பழைய வெளிச்சம் எவ்வளவு மட்டம் என்று இருவருக்கும் உறைத்தது.

ஒரு வாரத்தில் பொத்தான் பாலிப்புகள் மூடிக்கொண்டன. நிறம் போய், சில திறக்கவே இல்லை. மூன்று வருடம் மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய பாசிகளை ஒரே நாளில் உச்சி வெயிலில் தள்ளியிருக்கிறோம். வெளிச்சம் தாங்க முடியாமல் போனால் பாசிக்குள் நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகும், உயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளும். இருட்டிலும் வெளுக்கும், அதிக வெளிச்சத்திலும் வெளுக்கும். "நீ படிச்ச லட்சணம் இதானா மாப்ளே" என்று மாமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் 'எப்போது' என்பதை மட்டும் படித்தேன், 'எப்படி' என்பதைப் படிக்கவில்லை. பாடம் கற்றபின் தெரிந்துகொண்டவை இவை:

முதலில் துணியை எடுங்கள், பர்ஸை அல்ல. கடல்நீர் தெறித்து டியூபிலும் மூடிக் கண்ணாடியிலும் உப்புப் படிந்திருக்கும். ஸ்விட்சை அணைத்து, ஆறியபின் துடைத்தாலே நிறைய வெளிச்சம் திரும்பக் கிடைக்கும்.

புது டியூப் போட்ட அன்றே அதன் முனையில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். 'மூணு வருஷம் இருக்கும்' என்கிற ஞாபகக் கணக்கு உதவாது.

அளந்து பாருங்கள். பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்க 'பார்' மீட்டர் என்று ஒன்று உண்டு, விலை அதிகம். போனில் இருக்கிற லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்கு ஏற்றபடி பச்சை மஞ்சளுக்கு அதிக மார்க் போடும், நீலத்துக்குக் குறைவாகப் போடும். அதனால் இரண்டு வேறு டியூப்களை ஒப்பிட அது லாயக்கில்லை. ஆனால் அதே டியூப், அதே போன், அதே இடம் என்று மாதம் ஒருமுறை குறித்து வந்தால் குத்துமதிப்பாகச் சரிவு தெரியும். நீலம் தனியாகத் தளர்வதை அது முழுதாகக் காட்டாது என்பதால், அது காட்டுவதைவிடக் கொஞ்சம் முன்பாகவே மாற்றிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். அல்லது விளக்கை உயரத் தூக்கி வைத்து, எரியும் நேரத்தைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லப் பழையபடிக்குக் கொண்டுவாருங்கள்.

பாடப்புத்தகத்தில் மொத்தமாக மாற்றினால் செலவு குறைவு என்று விடை வரும். அங்கே பல்பு மட்டும்தான் கணக்கில் வருகிறது. பல்புக்குக் கீழே உயிர் ஒன்று இருந்தால் விடை மாறிவிடுகிறது.

இனி மாற்றவே வேண்டாமா?

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பவள வளர்ப்பாளர்களுக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அவர்களுக்கு வேண்டியதே நீலம்தான்!

நம் நாட்டில் எல்.இ.டி. வீடு வீடாக வந்தது 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தால். மொத்தக் கொள்முதலில் ஒரு பல்பின் விலை 2014ல் 310 ரூபாயாக இருந்தது, 2016ல் 38 ரூபாய் ஆனது. விலைக்கும் உற்பத்தி அளவுக்கும் உள்ள உறவுக்கு எங்கள் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எல்.இ.டி.க்கு ஆயுள் 50000 மணி நேரம் என்று போடுகிறார்கள். நாளைக்கு 10 மணி நேரம் என்றால் 13 வருடத்துக்கு மேல். ஆனால் அந்த எண்ணின் பொருளைப் பாருங்கள். எரியாமல் போகும் நேரம் அல்ல அது. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் நேரம். 'எல்70' என்று குறிப்பார்கள். பல்பு தேய்கிற சாமான்தான் என்பதைக் கம்பெனிகளே அட்டையில் ஒப்புக்கொண்ட மாதிரி இது. அதற்கு முன்பே உள்ளிருக்கும் டிரைவரோ விசிறியோ உப்புக் காற்றில் கெட்டுப்போவதும் உண்டு.

டியூப்லைட்டின் கதை முடியப்போகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின்படி, பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவது என்று 2023ல் நாடுகள் முடிவு செய்தன. ஐரோப்பாவில் 2023லேயே டி5, டி8 விற்பனைக்கு அனுப்புவது நின்றுவிட்டது. அந்த 2023 கூட்டம் நடந்த ஊர் எது தெரியுமா? ஜெனீவா! 1924ல் பல்பின் ஆயுளைக் கம்பெனிகள் முடிவு செய்த அதே ஊர். இந்த முறை முடிவு செய்தது அரசாங்கங்கள். அதற்குக் காரணம் லாபம் அல்ல, விஷம். பழைய டியூபை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

பல்பு மாற்ற முடியாத தொட்டி

முடிப்பதற்கு முன் ஒன்று. மாமா தொட்டியில் கடினப் பவளம் ஏன் இல்லை என்று கேட்கலாம். 2001ல் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, தீப்பவளம் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனாலும் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள். வெட்டுவது நின்றபின் வெப்பம் வந்தது. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடாகி, மேலிருந்து உச்சி வெயிலும் சேர்ந்து அடிக்க, அங்கே பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் துண்டு துண்டாகப் பவளங்களை நட்டு மீட்டுக்கொண்டிருக்கிறது.

மாமா வீட்டு ஹாலில் நான் பார்த்த அதே வெளுப்புதான் அங்கேயும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே விளக்கை உயரத் தூக்கி வைக்க முடிந்தது. அங்கே எதைத் தூக்குவது?

மாமாவின் தொட்டி இப்போது பரவாயில்லை. பாலிப்புகளில் பாதி தப்பித்தன. அனிமோன் ஒரு மாதம் கழித்துக் கண்ணாடியை விட்டு இறங்கிப் பழைய பாறைக்கே வந்தது. நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நான்கு டியூபின் முனையிலும் மாமா கையெழுத்தில் தேதி இருக்கிறது. நான்கும் ஒரே தேதி. அடுத்த முறை நான்கு வேறு தேதி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

பரீட்சையில் அந்த 1000 பல்பு கணக்கு மறுபடி வந்தால் புத்தகத்தில் உள்ள விடையைத்தான் எழுதுவேன். மார்க் வேண்டுமே! ஆனால் எழுதும்போது கண்ணாடியில் ஏறி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெளுத்த அனிமோன் ஞாபகம் வரும்.